பெயர் சொல்லாத குற்றம்

லண்டனில் யாராவது ஒருவர் என் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்கப் போனால் வரவேற்பில் இருக்கும் பெண் அப்பாவைக் கூப்பிடுகிறாள். நூலகத்தில் கேட்டிருந்த புத்தகம் வந்துவிட்டால் மின்னஞ்சல் அப்பாவுக்குத்தான் வருகிறது. வந்த புதிதில், “மிஸ் சூடா... சூடலே... சூடலயான்டி?” என்று குரல் கேட்டதும் திரும்பிக் கதவைப் பார்ப்பேன். கோவில்பட்டி பணிமனையில் காக்கிச் சட்டை போட்டு பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிற மனிதர் இங்கே எப்படி வந்தார் என்று ஒரு கணம் நெஞ்சு திக்கென்று இருக்கும். கதவருகே யாரும் இருக்க மாட்டார்கள். அறையில் இருக்கிற அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் பெயர் முத்துலட்சுமி. ஊரில் சு. முத்துலட்சுமி. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது அதெல்லாம்? கட்டத்தைக் காலியாக விட மனசு வராமல் அப்பா பெயரை எழுதி வைத்தேன். ஊரில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி என் பெயருக்கு முன்னால் அமைதியாக உட்கார்ந்திருந்தவர், அந்த ஒரு கட்டத்தின் வழியாக இங்கே முழு ஆளாக வந்து இறங்கிவிட்டார். பல்கலைக்கழக அடையாள அட்டையில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் நான் ஒரு எம்.

இதில் எனக்கு இருந்த கூச்சத்தை இங்கே யாருக்கும் விளக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அப்பா பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் என்னை முன்னால் தள்ளி, “ஏட்டி, அப்பா பேரச் சொல்லு” என்பாள். நான் பள்ளிக்கூடம் போயிருந்தால் ரேஷன் அன்றைக்குக் கிடையாது. எங்கள் குலசாமி சுடலைமாடன். அப்பா பெயர் அதில் கலந்திருப்பதால் சாமி பெயரும் அம்மா வாயில் வராது. “பெரியவர் கோயிலுக்குப் போயிட்டு வாறேன்” என்பாள். பங்காளிகள் கேலி செய்வார்கள். சாமிக்கே பேர் மாற்றியவள் என்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே பொங்கல் பானையைக் கிளறுவாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அவள் கணக்கு. அப்பாவும் சும்மா இருக்க மாட்டார். “எனக்குப் பேர் சொல்லப் பிள்ளை இருக்கு, உங்கம்மா சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன” என்று என்னைக் காட்டுவார்.

பள்ளிக்கூடத்திலும் அதே வழக்கம்தான். கணக்கு சார், தமிழ் மிஸ், டிரில் மாஸ்டர். கணக்கு சாரின் பெயர் ராமகிருஷ்ணன் என்பது அவர் பணி ஓய்வு அழைப்பிதழில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அதைப் பார்த்தபோது அவரை வேட்டி இல்லாமல் பார்த்துவிட்டதைப்போல ஒரு சங்கடம். இப்படி வளர்ந்த ஒருத்தியைக் கொண்டுவந்து, நகர வரலாறு படிக்கிற முதுகலை வகுப்பில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? எனக்கு ஆனதைத்தான் எழுதப்போகிறேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். இங்கே என்னைப்போல் தனி அறையில் குக்கர் விசிலுக்குத் துணை இருக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

போன வருஷம், 2008 செப்டம்பரில் வந்தேன். ஓர் அறக்கட்டளை கொடுத்த உதவித்தொகை, ஒரு வருஷப் படிப்பு. நான் கிளம்பும்போது அப்பாவின் பணிமனைச் சங்கத்துக்காரர்கள் பஸ் நிலையத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ‘லண்டன் செல்லும் எங்கள் ஓட்டுநர் அண்ணன் மகளை வாழ்த்தி வழியனுப்புகிறோம்’ என்று ஒரு பக்கம் நான், மறுபக்கம் கடிகார கோபுரம். என் முகம் கோபுரத்தைவிடப் பெரியது. பிறகு ஒரு பெட்டிக்கடைக்காரர் அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கூரைக்கு மறைப்பாகக் கட்டியிருக்கிறார் என்று அம்மா போனில் சொன்னாள். எங்கள் தெருமுனைக் கடைதான். வீட்டுக்குப் போகிற யாரும் என் முகத்துக்குக் கீழேதான் நடந்து போக வேண்டும்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஹெலன் பிராக்லி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, எப்போதும் சைக்கிள் எண்ணெய் பட்ட கால்சட்டை. முதல் வகுப்பிலேயே, “என்னை ஹெலன் என்று கூப்பிடுங்கள்” என்றார். வகுப்பில் இருந்த மற்ற பிள்ளைகள் மறுநிமிடமே ஹெலன், ஹெலன் என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தில் ‘ரெஸ்பெக்டட் மேடம்’ என்று எழுதினேன். நேரில் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் அறை வாசலில் நின்று இருமுவேன். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை இருமிக்கொண்டிருப்பேன். ஒருநாள், “உனக்கு இந்த இருமல் ரொம்ப நாளாக இருக்கிறதே, டாக்டரைப் பார்த்தாயா?” என்று கவலையோடு கேட்டார். பார்க்கிறேன் என்று தலையாட்டினேன். போய்ப் பார்க்கவும் செய்தேன். அங்கேதான் முதன்முதலாக அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

நான் தங்கியிருப்பது இல்ஃபோர்டில், வரிசை வீடுகளில் ஒன்றின் மாடியில் உள்ள சின்ன அறை. வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்தவர்கள். பரமேசக்காவும் அவர் கணவரும் ஜெர்மனியில் அகதிகளாகப் பல வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர்கள். அண்ணனுக்கு ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை. நல்ல மனிதர்கள். ஆனால் நான் போய்ச் சேர்ந்த காலம் அந்த வீட்டில் நல்ல காலமாக இல்லை. அக்காவின் தம்பி தயாபரன் வன்னிக்குள், போருக்கு நடுவில் இருந்தார். பனிக்காலம் முழுவதும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. தமிழ் வீடு கிடைத்துவிட்டது, இனித் தனிமை இருக்காது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அந்த வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு மிகவும் தனியாக இருந்தது. ஒருமுறை அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “உங்கட இந்தியா ஏன் பிள்ளை பாத்துக்கொண்டிருக்குது?” என்று கேட்டார். என்னிடம் கோபமாகக் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஒரு சிறு பூங்கா. அது பழைய இடுகாடு. கல்லறைக் கற்களைப் பிடுங்கிச் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்துவிட்டு, நடுவில் புல் போட்டிருக்கிறார்கள். அலுவலகக்காரர்கள் அதில் படுத்துக்கொண்டு சாண்ட்விச் தின்கிறார்கள். சுடுகாட்டுப் பக்கம் போய் வந்தாலே தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்லும் அம்மாவிடம் நான் தினமும் இங்கேதான் தயிர்சாதம் சாப்பிடுகிறேன் என்று சொல்லவே இல்லை. அங்கே ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு செப்புத்தகடு. இன்னாருடைய நினைவாக, அவருக்கு இந்த இடம் பிடிக்கும், என்று. உட்காரும் பலகைக்குக்கூட ஒரு பெயர். கல்லில் பெயர், பலகையில் பெயர், நீலத் தகட்டில் வீட்டுச் சுவரில் பெயர். இந்த ஊர்க்காரர்களுக்குச் செத்தவர் பெயரைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது போலும் என்று எனக்கு நானே சிரித்துக்கொள்வேன்.

ஹெலன் மேடம் இந்தப் பூங்காக்களைப் பற்றித்தான் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். லண்டனின் இடுகாடுகள் எப்படிப் பூங்காக்கள் ஆயின என்று. நான் அதை மூன்று முறை படித்தேன். நல்ல புத்தகம் கிடைத்தால் எனக்குத் தெரிந்த மரியாதை ஒன்றுதான்: மனப்பாடம் செய்வது. இல்ஃபோர்டு ரயிலில் உதடு அசையச் சொல்லிக்கொண்டே போவேன். எதிரில் இருப்பவர் இருக்கை மாறிப் போய்விடுவார். பருவக் கட்டுரையும் அதே தலைப்பில் அமைந்தது. எழுத உட்கார்ந்ததும் அவர் வரிகள் தாமாக வந்தன. ஊரில் ஆசிரியர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் திருப்பித் தருகிற பிள்ளைதான் முதல் மதிப்பெண் வாங்கும். நான் அப்படி வாங்கித்தான் லண்டன்வரை வந்தேன்.

மேற்கோளுக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதென்று நினைத்துவிடாதீர்கள். முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற எல்லோருக்கும் ஒழுங்காகக் காட்டியிருந்தேன். முகம் தெரியாத ஆட்கள், என்றோ செத்துப்போன பாதிரிமார்கள், நகராட்சிக் கணக்கர்கள், எல்லோருடைய பெயரையும் வருஷத்தையும் பக்க எண்ணையும் போட்டிருந்தேன். ஹெலன் மேடம் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் கை நின்றது. அடைமொழி எதுவும் இல்லாமல் பிராக்லி என்று எழுத வேண்டும். மேடம் என்று சேர்க்கக் கூடாது. அதுவும் அவரே படிக்கப்போகிற தாளில். எதிரில் நிற்கிற ஆசிரியரை ‘ஏ பிராக்லி’ என்று கூப்பிடுவதுபோல் எனக்கு இருந்தது. அவர் எழுதியது அவருக்குத் தெரியாதா என்ன? அவர் பெயரை அவருக்கே சொல்லிக்காட்டுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று விட்டுவிட்டேன். எவ்வளவு பணிவான பெண் என்று நினைத்துக்கொள்வார் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மார்ச்சில் கட்டுரையைக் கொடுத்தேன். ஏப்ரலில் ஒருநாள் கூப்பிட்டார். மேசையில் என் கட்டுரை இருந்தது. “இந்தக் கருத்துகள் எங்கிருந்து வந்தன?” என்று கேட்டார்.

ஊரில் தமிழ் மிஸ் இப்படித்தான் கேட்பார். ‘யாரு சொல்லிக்கொடுத்தது?’ என்று கேட்டு, பிள்ளை வெட்கப்படுவதைப் பார்த்துச் சிரிப்பார். உங்களிடமிருந்துதான் என்று முகத்துக்கு நேரே சொன்னால் ஐஸ் வைப்பது ஆகிவிடும். அதனால் நான் தலையைக் குனிந்துகொண்டு புன்னகை செய்தேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் புன்னகை செய்தேன். அவர் முகம் சிவந்தது. “சரி, நீ போகலாம்” என்றார். பாராட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். அன்றைக்குக் கடையில் நின்று ஒரு கேக் வாங்கித் தின்றேன் என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மே மாதத் தொடக்கத்தில் கடிதம் வந்தது. துறை அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதப் பொந்து உண்டு. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற ஜூடித் என்ற அம்மாள் அதில் போட்டிருந்தார். ‘அன்புள்ள மிஸ் சுடலையாண்டி, பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டிய குற்றம் தொடர்பாக விசாரணைக் குழு முன் வர வேண்டும்.’ உடன் இணைத்திருந்த என் கட்டுரையில் பக்கம் பக்கமாக மஞ்சள் பூசியிருந்தது. குற்றம் உறுதியானால் சேர்க்கை ரத்தாகலாம் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. சேர்க்கை போனால் உதவித்தொகையும் விசாவும் போகும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் போய், தெருமுனையில் என் முகத்துக்குக் கீழேயே குனிந்து நடந்து வீட்டுக்குள் போக வேண்டும். திருடி என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லாமல் இருப்பார்கள். அப்பா பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் மக எப்ப வந்தா என்று கேட்பார்கள்.

யாரிடம் சொல்வது? வகுப்பில் இருந்தவர்களிடம் சொல்லும் அளவுக்குப் பழக்கம் இல்லை. வீட்டிலோ, மே மாதத்தில் அந்த வீடு இருந்த நிலையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரமேசக்கா பகலில் பார்லிமெண்டுக்கு முன்னால் கூடியிருந்தவர்களோடு போய் நின்றுவிட்டு, குரல் கட்டிப்போய்த் திரும்புவார். காலையில் போனை எடுத்து, தொடர்பு அற்றுப்போன தம்பியின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வார். டி, எச், ஏ, வை... தினமும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு ஆள். மெல்லிய சுவர் வழியாக அந்த எழுத்துகள் கேட்டுத்தான் நான் விழிப்பேன். அந்த வீட்டில் போய், ‘அக்கா, எனக்கு ஒரு கட்டுரையில் பிரச்சினை’ என்று எப்படி வாயைத் திறப்பது?

ஒரு காலையில் அக்காவே என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை, ஒருக்கா இஞ்ச வாரும். என்ர இங்கிலீசு இவைக்கு விளங்குதில்லை. நீர் கதைச்சுச் சொல்லும்.”

போனை வாங்கினேன். மறுமுனையில் இருந்த பெண் காணாமல் போனவர் பெயர் கேட்டாள். “நவரத்தினம் தயாபரன் எண்டு சொல்லும்” என்றார் அக்கா. சொன்னேன். தேடுகிறவர் பெயர், உறவு, விலாசம். பிறகு, இந்த விலாசத்தின் வீட்டுக்காரர் பெயர் என்ன என்றாள். நான் தயங்கி அக்காவைப் பார்த்தேன். எட்டு மாதமாக அந்த வீட்டில் இருக்கிறேன். கணவரை அக்கா “இஞ்சாருங்கோ” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

“சிவபாலன்” என்றார் அக்கா, கறிவேப்பிலை வேண்டும் என்கிற குரலில்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, “அண்ணன் பேரைச் சொல்றீங்களேக்கா?” என்று கேட்டுவிட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? அக்காவுக்கு எரிச்சல் வந்தது.

“முந்திச் சொல்லுறேல்லைத்தான். யேர்மனியில கேஸ் பதியேக்க முதல் நாளே சொல்லவேண்டி வந்திட்டுது. பெயரைச் சொல்லாட்டில் அவங்கட கடதாசியில அப்படி ஒரு ஆளே இல்லை. நீர் அவள் என்ன கேக்கிறாள் எண்டு பாரும்.”

பட்டியலில் பெயர் இல்லை, நாளைக்குக் கேளுங்கள் என்றாள் அந்தப் பெண். அக்கா போனை வாங்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். எனக்கும் அன்றைக்கு எதுவும் விளங்கிவிடவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

விசாரணைக்கு முதல் நாள் மாலை தாங்க முடியாமல் அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டாள். “டீச்சர் பேர எழுதலன்னா குத்தஞ் சொல்லுதாக?” என்றாள்.

“ஆமா.”

“அதுல என்னட்டி தப்பு இருக்கு? டீச்சர் பேர யாராச்சும் சொல்லுவாகளா? நல்ல புள்ளன்னுல்லா சொல்லணும்.”

ஊரில் ஒருவர் என் பக்கம் இருக்கிறார் என்று ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. இங்கே இருப்பவர்களுக்கு நான் செய்தது விளங்காது. அங்கே இருப்பவளுக்கு இவர்கள் சொல்லும் குற்றம் விளங்காது. முடிந்த உடனே போன் செய்கிறேன் என்று சொன்னேன். “நா போனுக்குப் பக்கத்துலயே இருப்பேன்” என்றாள்.

அம்மா சொன்னால் சொன்னதுதான். அவளுக்குப் போன் வராவிட்டால் என்ன செய்வாள் என்பது எனக்கு ஜனவரியிலேயே தெரிந்திருந்தது. அப்போது என் கைப்பேசி பழுதாகி நான்கு நாள் பேச முடியவில்லை. அவசரத்துக்கென்று நான் கொடுத்திருந்த துறை எண்ணுக்கு அம்மா கூப்பிட்டிருக்கிறாள். ஜூடித்தம்மாள் எடுத்திருக்கிறார். முத்துலட்சுமி வேண்டும் என்றிருக்கிறாள். குடும்பப் பெயர் என்ன என்று இவர் கேட்டிருக்கிறார். இவர் கோப்பில் எல்லோரும் குடும்பப் பெயரில்தான் இருக்கிறார்கள். அம்மா “ஃபாதர் நேம், ஃபாதர் நேம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். சரி, அந்த ஃபாதர் பெயர் என்ன? அதற்கு மட்டும் பதில் இல்லை. பேர் சொல்ல அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லையே. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு வைத்துவிட்டார் என்றார் ஜூடித். அன்று வெளிநாட்டு மாணவர்கள் எல்லோருடைய பொந்திலும் ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது: ‘யாருடைய அம்மாவோ கூப்பிட்டார்.’ அந்தச் சீட்டை என் செலவுக் கணக்கு நோட்டுக்குள் இன்னும் வைத்திருக்கிறேன்.

விசாரணை பதினோரு மணிக்கு. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஓரத்தில் ஹெலன் மேடம். நான் கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டேன். நடுவில் இருந்தவர், ஏன் இப்படிச் செய்தாய் என்று தன்மையாகவே கேட்டார். எங்கள் ஊரில் மரியாதைக்குரியவர்களின் பெயரைச் சொல்ல மாட்டோம் என்றேன். அம்மா, ரேஷன் கடை, கணக்கு சார் என்று உளறிக்கொண்டு போனேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்கே அது பொய்போலக் கேட்டது.

“அப்படியென்றால் நீ பெயர் குறிப்பிட்டிருக்கும் மற்றவர்கள் எல்லாம் உன் மரியாதைக்கு உரியவர்கள் இல்லையா?” என்றார் ஒருவர். மற்றவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் யோசித்துவிட்டு, “ஆமாம்” என்றேன். அதுதானே உண்மை. ஹெலன் மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

“நான் ஒன்று சொல்லலாமா?” என்றார். அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் கேட்டேன். “அந்தப் புத்தகத்துக்காக நான் என் இளமையை ஈரம் பிடித்த ஆவண அறைகளில் கழித்தேன். அதிலிருந்து எடுத்து எழுதிப் பேர் வாங்கியவர்கள் உண்டு. கூட்டங்களில் என் வரிகளை என் எதிரிலேயே சொல்லுவார்கள், என் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஒரு மாணவியாவது சொல்வாள் என்று நினைத்தேன்.”

நான் பூமாலை என்று கொண்டுபோய்ப் போட்டது அவர் வாழ்நாள் முழுவதும் பட்ட அவமானத்தின் மேல் இன்னொன்றாக விழுந்திருக்கிறது. திருடி என்று அவர் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பெயரைச் சொல்லாட்டில் அப்படி ஒரு ஆளே இல்லை என்று அக்கா சொன்னது அப்போதுதான் வந்து உறைத்தது.

“இந்த மஞ்சள் வரிகள் யாருடையவை?” என்று நடுவில் இருந்தவர் கேட்டார். “பதிவுக்காக நீ சொல்ல வேண்டும்.”

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் இருந்தது, சத்தம் வரவில்லை. இருமினேன். பழைய இருமல். ஹெலன் மேடம் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “ஹெலன் பிராக்லி” என்றேன். கன்னம் சுட்டது. ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டதுபோல் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முடிவை மூன்று மணிக்கு அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நான் பூங்காவுக்குப் போனேன். எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. யார் பெயர் போட்ட பெஞ்சோ. எதிரே சுவரோரம் கற்கள் நின்றன. மழை அரித்து முக்கால்வாசிக் கற்களில் பெயர் போய்விட்டது. தயிர்சாத டப்பாவைத் திறக்கவே இல்லை. அழுதேனா என்றால் அழுதேன். நாயோடு வந்த ஒரு பெரியவர், “அழகான வெயில், இல்லையா?” என்று சொல்லிவிட்டுப் போனார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். இங்கே அதுவும் ஒரு வகை ஆறுதல் என்று இப்போது தெரியும். கைப்பேசியைத் திரும்ப ஆன் செய்யவேண்டும் என்பதே நினைவில் இல்லை.

மூன்று மணிக்கு அலுவலகம் போனேன். ஜூடித் ஒரு வெள்ளை உறையை நீட்டினார். கூடவே ஒரு மஞ்சள் சீட்டையும். உறையைப் பிரிக்கப் பயந்து சீட்டை முதலில் பார்த்தேன்.

‘மிஸ் சுடலையாண்டியின் அம்மா கூப்பிட்டார்.’

எழுத்துப் பிழை ஒன்று இல்லை. “யார் பெயர் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது பேசினார்களா?” என்று கேட்டேன்.

“இல்லை, உன் அம்மாதான். ஜனவரியில் பேசிய அதே குரல். குடும்பப் பெயர் கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. இந்தத் தடவையும் வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு சொன்னார், மெதுவாக. நான் சரியாக எழுதிக்கொள்ள இன்னொரு தடவையும் சொன்னார். சுடலையாண்டி. இத்தனை நாளும் நாங்கள் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம், இல்லையா?”

சுடலையாண்டி என்று அவர் சொன்ன விதத்தில் லையன்னா எங்கள் ஊர் லையன்னா. கடைசியில் குரல் தணிந்து இறங்கியது அம்மாவின் இறக்கம். உறையில் என்ன இருக்கிறது என்று ஜூடித்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். “பிரித்துப் பார், பரவாயில்லை” என்றார். கட்டுரைக்குச் சுழியம், மறுபடி எழுதித் தர வேண்டும், எச்சரிக்கை பதிவாகும், படிப்பைத் தொடரலாம்.

அன்று மாலை அம்மாவிடம் பேசினேன். முடிவைச் சொன்னதும் பெரியவர் கோயிலுக்குச் சேவல் நேர்ந்திருப்பதாகச் சொன்னாள். மெதுவாகக் கேட்டேன். “ஆபீசுக்குப் போன் பண்ணி அப்பா பேரச் சொன்னியாம்மா?”

“நா எங்கட்டி சொன்னேன்? உனக்கென்ன கிறுக்கா? அந்தம்மாவா எதையாச்சும் எழுதியிருக்கும்” என்றாள். போனை வைக்கும் முன், “அப்பாட்ட சொல்லிராத” என்றாள்.

மறுபடி எழுதிய கட்டுரையில் பக்கத்துக்கு நான்கு பிராக்லி போட்டேன். ‘எனக்கே என் பெயர் அலுத்துவிட்டது’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். இப்போது செப்டம்பர். ஆய்வேட்டையும் முடித்து பைண்டு போடக் கொடுத்துவிட்டேன். அவரை இன்னும் என்னால் ஹெலன் என்று கூப்பிட முடியவில்லை. தாளில் வருகிறது, வாயில் வரவில்லை. பரமேசக்கா காலையில் எழுத்துக்கூட்டுவதை நிறுத்தவில்லை. தயாபரன் என்ற பெயர் இன்னும் எந்தப் பட்டியலிலும் இல்லை. சில நாள் அக்கா குரல் கம்மிவிட்டால் நான் போனை வாங்கிச் சொல்கிறேன். பார்த்திராத ஒருவரின் பெயரை என் பெயரைவிட நன்றாக எழுத்துக்கூட்டுகிறேன்.

விசா முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. அதன் பிறகு இங்கேயா, ஊரா என்று கேட்கிறார்கள், தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அம்மா வாயால் அப்பா பெயரைக் கேட்டவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் லண்டனில் ஒரு துறை அலுவலகத்தில் தபால் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. வாரத்தில் ஒருநாள் வேலை எதுவும் இல்லாமல் அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். ஜூடித் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “என்ன வேண்டும், மிஸ் சுடலையாண்டி?” என்று கேட்கிறார். இப்போதெல்லாம் நான் திரும்பிக் கதவைப் பார்ப்பதில்லை. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.